எனக்குக் கவ்வாத்தாம்

ஆடி 4, திங்கள்
விடாத மழை. லயத்து வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. எனக்குத்தான் ஒழுக மாட்டேன் என்கிறது.
லயத்துக்குப் பின்னால் நின்று நின்று கால் மரத்துப்போனது. எரிச்சல். சொட்டுச் சொட்டாக. முன்தோல் உப்பி நிற்கிறது, பின்னால் வருவதில்லை. உள்ளிருந்து பொன்னம்மா: "அங்க என்னங்க செய்றீங்க, மழையை எண்ணுறீங்களா?" பெண்டாட்டியைக் கேலி செய்தே காலம் தள்ளியவன். இன்று அவள் முறை.

ஆடி 5
தோட்டத்து டிஸ்பென்சரி. டொக்டர் ஐயா சிங்களவர், நல்ல மனுஷன், தமிழ் பாதிதான். பார்த்தார். "தோல் இறுக்கம். மூத்திரத்துக்குப் பாதை இல்ல. கவ்வாத்து போடணும்."
எத்தனை மலைத் தேயிலைச் செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய கை இது! என்னையே வெட்ட வேண்டுமாம்.
"அடியோடங்களா, மேலாகங்களா?" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.
வேறு வழி கேட்டேன். களிம்பு தந்தார். வெந்நீரில் ஊறவைத்து, பூசி, மெல்லத் தளர்த்திப் பார்க்கலாம். நாள்பட்ட இறுக்கம், அதனால் சந்தேகம்தான். வெட்டாமல் கீறி மட்டும் விடலாம், அது திரும்ப இறுகினாலும் இறுகும்.
வாசலில், வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணி. "லேசான வேலை கேட்டியே, டொக்டர் என்னப்பா சொன்னாரு?"
வெட்கத்தில் உளறிவிட்டேன். "கவ்வாத்துன்னாருங்க."
"அப்புறமென்ன? நாளைக்குக் கத்தியோட மேமலைக்கு வந்துரு."
இது வேண்டும் எனக்கு.

ஆடி 6
மேமலை. கத்தியை வீசும்போதெல்லாம் அடிவயிற்றில் இழுப்பு. அட்டைக்கடி வேறு.
வீட்டில் நெருஞ்சிமுள் கஷாயம், பார்லித் தண்ணீர். உள்ளே போவதெல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது.
பொன்னம்மாவிடம் சொன்னேன். அழுகிறாள். "துலுக்கனாயிட்டான்னு பேசுவாங்க. காமன்கூத்துல உங்களைச் சேர்ப்பாங்களா?" அதுதான் எனக்கும் பயம். வருஷா வருஷம் கோமாளி வேஷம் என்னுடையது.

ஆடி 11
களிம்பு வேலை செய்யவில்லை. இழுத்ததில் தோல் வெடித்து ரத்தம். சனியன்.
வட்டவளை டவுன், காசிம் நானாவின் துணிக்கடை. சட்டைத் துணி எடுக்கும்போதெல்லாம், "உங்களையே குறைச்சு வெட்டினவங்க, என் துணியை விடுவீங்களா?" என்று கேலி செய்வேன். இன்று ஆள் போகும்வரை காத்திருந்து, விஷயத்தைச் சொன்னேன்.
கஜக்கோலை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "தோலை வெட்டினா முஸ்லிமாக ஏலாது. அதுக்குக் கலிமா சொல்லணும். நாங்க பொடியன்லயே தாங்கினது, உங்களுக்கு என்ன? போய் வெட்டுங்க."
சொல்வது சுலபம். கீறல் போதுமா என்று டொக்டரிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

ஆடி 13
உடம்பு கேட்க விடவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. வயிறு கல். சுவரில் முட்டிக்கொண்டேன்.
பொன்னம்மா: "கூத்தும் வேணாம், கழுதையும் வேணாம். எந்திரிங்க!"
கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரி. குழாய் போட்டு எடுத்தார்கள். அப்பாடா. சாமியே நேரில் வந்தமாதிரி. கீறலா வெட்டா என்று பெரிய டொக்டர் கேட்டார். "வெட்டிருங்க" என்றேன், நானே. நாளைக்கு.
சாயங்காலம் நானா வந்தார். கையில் புதுச் சாரம், மூட்டின லுங்கி. "கழுசான் உடுத்த ஏலாது, கால் ரெண்டுக்கும் நடுவுல உரசும். இதைக் கட்டுங்க."
பிரித்துப் பார்த்தேன். வழக்கத்தைவிட நீளம்.
"அளவு கூடிப்போச்சே நானா?"
"கூடத்தான் வெட்டினேன். நாளைக்கு நீங்க குறையிறீங்களே."