அலுவலகக் கடிதம் வருமுன்

ஒசாகா, அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் இறுதிச் சடங்கன்று சண்டையிட்டுப் போனவள், ஒன்பது ஆண்டுகள் கழித்து எழுதுகிறேன்.

எங்கள் வட்டார அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வரும். தங்கையைப் பராமரிக்க உங்களால் முடியுமா என்று கேட்டிருப்பார்கள். அரசு உதவி கேட்டால் உறவினரிடம் விசாரிப்பது வழக்கம். அதற்குக் கூசியே இரண்டு ஆண்டுகள் மனுப் போடாமல் இருந்தேன்.

என் மகள் மிசுஹோவுக்கு எட்டு வயது. கோடை விடுமுறையில் பள்ளிச் சாப்பாடு கிடையாது. விடுமுறை முடிந்ததும் எடை பார்த்த ஆசிரியை என்னை அழைத்தார்.

"ரெண்டு கிலோ குறைஞ்சிருக்காம்மா. வீட்ல ஒழுங்கா சாப்பிடறாளா?"

நான் வாய் திறப்பதற்குள் மிசுஹோ, "வெயில்ல எனக்குத்தான் பசிக்கல டீச்சர். அம்மா நெறைய சமைச்சாங்க" என்றாள்.

எனக்காக என் பிள்ளை பொய் சொன்னாள். அங்கிருந்து நேராக அலுவலகத்துக்குப் போனேன்.

"முடியாது" என்றே எழுதிவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை, அப்படி எழுதினால் எங்களுக்கு உதவி சீக்கிரம் கிடைக்கும். உறவு எப்படி என்றும் ஒரு கேள்வி இருக்குமாம். அதற்கு மட்டும் "தொடர்பில்லை" என்று எழுதாதீர்கள், அண்ணா.

உங்கள் தங்கை