தறித்த ஜூனிப்பர்

மே 9, 1987

பஸ்ஸால் இறங்கும்போதே கண்டுவிட்டேன். வீட்டு முன்பக்கம் மொட்டை. மூன்று வருடமாக நான் வளர்த்த மூன்று ஜூனிப்பர் ஊசியிலைப் பற்றைகளில் இரண்டை மூத்தத்தான் அடியோடு தறித்துவிட்டார். ஒரு பச்சை நுனிகூட இல்லை! இவருடைய தமையன், ஊரிலிருந்து வந்து நாலு மாதம்; வீட்டுக்குள் சும்மா இருந்தால் என்னவாம்? றோட்டில் நின்றே கத்தினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி யன்னலால் பார்த்தாள். பார்க்கட்டும்.

மூத்தத்தான் கைவாளைத் துடைத்து வைத்தார்.

மே 10

"அண்ணை நல்லதுக்குத்தானப்பா செய்தவர். கிளுவை வேலி வெட்ட வெட்டத் தழைக்கிறேல்லையே? உதுவும் தழைக்கும்" என்கிறார் இவர்.

தழைக்குமாம்! வெயில் விழும் இடம் பார்த்து நட்டது நான். ஸ்நோ கொட்டினால் கொப்பு முறியாமல் தும்புத்தடியால் தட்டிவிட்டது நான். இந்த வீட்டில் என்னுடையது என்று வேறு என்ன இருக்கிறது?

யூன் 2

ஒரு தளிர் இல்லை.

யூன் 14

மரக்கன்று விற்கும் இடத்துக்கு ஒரு கொப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அங்கிருந்தவர் தலையை ஆட்டினார். ஜூனிப்பரில் பச்சை நுனியை மட்டும்தான் கத்தரிக்கலாமாம். இலை இல்லாத பழைய கட்டை திரும்பத் துளிர்க்காதாம். தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகுமாம்.

யூன் 21

தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லியும் மூத்தத்தான் கேட்கவில்லை. காலையில் பார்க்கிறேன், செத்த கட்டைகளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்! மிஞ்சிய ஒன்றும் மஞ்சளாகப் பழுக்கத் தொடங்கிவிட்டது. பத்திக்கொண்டு வந்தது. "ஒண்ட வந்த இடத்தில கையை வைச்சுக்கொண்டு இருங்கோ" என்றேன்.

"ஓம் பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

யூன் 22

போய்விட்டார். கிறிஸ்துநாயகம் என்ற கூட்டாளியின் பேஸ்மென்றுக்கு. இவர் என்னோடு கதைக்கிறாரில்லை. கதைக்காட்டிப் போகட்டும்!

யூலை 5

இன்றைக்கு இவர் வாய் திறந்தார். "ஏன் வெட்டினனீங்கள் எண்டு அண்ணையைக் கேட்டனான். 'விளங்காமல் செய்துபோட்டன்' எண்டு மட்டும் சொல்லுறார்."

அந்த மனுசன் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? எனக்கு அதுதான் எரிகிறது.

யூலை 12

எழுதிவிடுகிறேன். கைவாளை எடுத்துக் கொடுத்ததே நான். அன்று வேலைக்கு ஓடுகிற அவசரத்தில், "பாதையை மறைக்குது அத்தான். கிளுவை மாதிரி அடியோட தறிச்சு விடுங்கோ, அடர்ந்து வரும்" என்றேன். "உந்த மரம் தாங்குமே பிள்ளை?" என்று கேட்டவர் அவர். "தாங்கும், வெட்டுங்கோ" என்றவள் நான். பின்னேரம் வந்து அந்த மொட்டையைக் கண்டதும் அவர்மேல் பாய்ந்தேன். எவ்வளவு கேவலமானவள் நான்!

காலையில் இவரிடம் எல்லாம் சொன்னேன். கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. காரை எடுத்தார், போனோம்.

அத்தானே கதவைத் திறந்தார். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன். "உதுக்குப் போய் அழுறதே" என்று தேத்தண்ணி போட்டுத் தந்தார். வீட்டுக்கு வாங்கோ என்றதற்கு மட்டும், "இஞ்ச வசதியா இருக்குப் பிள்ளை" என்றார்.

அறையில் ஒரே ஒரு கட்டில், அது கிறிஸ்துநாயகத்துடையது. அத்தானின் போர்வை வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில் மடித்துக் கிடந்தது.