சொந்த முட்டியோடு

பிப்ரவரி 9
நாத்தனாருக்கு மலை ஏற வேண்டுமாம்.

என் கணவரின் அக்கா; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வலது முட்டி தேய்ந்துபோய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அண்ணி எதையாவது சொல்லி நழுவிக்கொண்டே இருக்கிறார். இப்போது புது நிபந்தனை: "சொந்த முட்டியோட ஒரு தடவை உச்சிக்குப் போயிட்டு வரேன். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க."

தம்பிக்காரருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதனால் என்னை மாட்டிவிட்டார். "இவ வருவாக்கா. சும்மாதானே இருக்கா." சும்மாவாம். பகலெல்லாம் மூக்குக் கண்ணாடிக் கடையில் கால் கடுக்க நிற்பது யார்?

பிப்ரவரி 23
அண்ணியின் அடுக்குமாடிப் படிகளில் பயிற்சி. முதுகுப் பை நிறையத் தண்ணீர் பாட்டில்கள். அவர் முன்னே, நான் பின்னே. ஒவ்வொரு மாடியிலும் நின்று, "என்ன, உயிரோட இருக்கியா?" என்று கேட்கிறார். முட்டி போனது அவருக்கு, நாக்குத் தள்ளுவது எனக்கு. மானம் போகிறது.

மார்ச் 15
புது ஷூ இடித்துக் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. அண்ணி என் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகம் வெட்டிவிட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "வாயைத் தெறந்து சொன்னாத்தானே தெரியும், கழுதை" என்று அதட்டல் வேறு.

திட்டு எது, பாசம் எது என்று இவரிடம் பிரித்தெடுக்கவே முடியாது.

ஏப்ரல் 12
முதல் நாள் ஏறிவிட்டோம். மலைக் குடிலில் படுக்கை. அண்ணி முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். கேட்டால், "கொசு" என்கிறார். இந்தக் குளிரில் கொசுவாம்.

ஏப்ரல் 13
அடிவாரம் வந்து சேர்ந்தாயிற்று. இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

கடைசி மேட்டுக்குக் கீழே அண்ணி உட்கார்ந்துவிட்டார். முட்டி வீங்கி பேண்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேர ஏற்றம்தான் பாக்கி.

"நீ போ. பாத்துட்டு வந்து சொல்லு."

"நீங்க இல்லாம நான் எதுக்கு?"

"போடின்னா போ."

கூட வந்த இரண்டு வழிகாட்டிகளில் ஒருவர் அவரோடு இருந்தார். மற்றவரோடு நான் போனேன். வழியெல்லாம் அழுகை.

உச்சியில் ஒரே மூடுபனி. போதாக்குறைக்கு என் கண்ணாடியில் ஈரம். நின்ற பாறையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இறங்கி வந்து உள்ளதைச் சொன்னேன்: "எல்லாம் வெள்ளையா இருந்துச்சு அண்ணி."

விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொல்கிறார்: "அப்போ இது கணக்குல சேராது. அடுத்த வருஷம் திரும்ப வருவோம். அதுவரைக்கும் என் முட்டியில யாரும் கை வைக்க வேண்டாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன மனுஷி இவங்க? காலு இப்படி வீங்கிக் கெடக்கு, இன்னும் சாக்கு சொல்லணுமா? பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பையையும் என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

இறக்கம்தான் படுத்தி எடுத்துவிட்டது. பின்பக்கமாக இறங்கினால் முட்டிக்குப் பாரம் குறையும் என்று அவரே திரும்பிக்கொண்டார். ஒரு வழிகாட்டி கீழே நின்று பார்த்துக்கொள்ள, நான் மேலிருந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். "இடது காலை வைங்க. கல்லு இருக்கு. இப்போ வலது." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்ததே இல்லை. எங்கே பார்ப்பது என்றே இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஒரு செங்குத்தான இடத்தில் நின்றுவிட்டார்.

"எலும்பை அறுக்க ரம்பம் இருக்குல்ல, அதை டாக்டர் கையில நான்தான் எடுத்துக் குடுப்பேன். எத்தனையோ ஆபரேஷன்ல குடுத்திருக்கேன்..." என்றார். பிறகு, "பயமா இருக்குடி."

என் கோபமெல்லாம் எங்கே போனதோ. அவருக்கு — அண்ணிக்கு — பயம்! என்ன சொல்வது? பயப்படாதீங்க என்றா? அத்தனையும் பார்த்தவரிடமா?

"இந்தக் கல்லுல வலது காலை வைங்க அண்ணி" என்றேன். வைத்தார். அதற்கப்புறம் என் கையை விடவே இல்லை, சமதரையிலும்கூட.

இவரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 29
அண்ணியே டாக்டரிடம் போய்த் தேதி வாங்கிவிட்டார். மே 20. போனில் அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மே 20
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டார்.

காலையில் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே கூட வேலை பார்ப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். போர்வை சரியில்லையாம், சக்கரத்துக்கு எண்ணெய் போடவில்லையாம். வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தபோது விரல்கள் சில்லென்று இருந்தன.

"உங்க தம்பி வெளியிலதான் நிக்கிறாரு. கூப்பிடட்டுமா?"

"அவன் எதுக்கு? அழுவான். நீ இரு."

நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.