சீனிப்பாணி வைத்த பெட்டி

அக்கா,

மூன்று நாளாக விடாத மழை. குசினியில் வெந்நீரில் சீனியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அந்த இனிப்பு ஆவி முகத்தில் பட்டதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மழை சற்று விட்ட நேரம் பார்த்து, ஆறிய பாணியைச் சிரட்டையில் ஊற்றி, வேலியோரம் நிற்கும் தேனீப் பெட்டிக்குள் வைத்தேன். நிமிர்ந்தால், நீங்கள் இருந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய பார்வைதான்.

சந்தேகப் பிறவி என்று எனக்குப் பட்டம் கட்டியதே நீங்கள்தானே. தேங்காயை மூன்று தரம் தட்டாமல் வாங்கமாட்டேன். பால்காரரின் முகத்தைப் பார்த்துத்தான் பாலை நம்புவேன். பேராதனை ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்து உங்கள் தேனீப் பெட்டிகளில் எடுத்த முதல் போத்தல் தேனை நீங்கள் நீட்டியபோதும், உங்கள் கண்முன்னாலேயே தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், கடதாசியில் தடவினேன், தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசினேன். வேறொருத்தி என்றால் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பாள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"சோதிச்சு முடிஞ்சா கொஞ்சம் நக்கியும் பாருடி. குச்சிக்கு என்ன ருசி தெரியும்?"

அந்த வருஷத்து ஐப்பசி மழையில்தான் என் குசினி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்கள் பெட்டிகளுக்குள் நீங்கள் சீனிப்பாணி வைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆகா, சீனியைக் கொடுத்துத் தேன் எடுக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலுக்கு ரொட்டி கொண்டுவரும் பாண்காரரிடம் சொன்னேன், கோயிலில் சொன்னேன், கெலிஓயா கடைத்தெருவில் நின்று சொன்னேன். அதற்குப் பிறகு உங்கள் தேனை ஒருவரும் தொடவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டீர்கள்.

"யாருடி இப்படிச் சொல்லியிருப்பா? இந்த மழையில பூவே இல்ல. பட்டினி போட்டா மொத்தக் கூட்டமும் பெட்டிய விட்டுப் பறந்துரும். பாணி அதுக உசிருக்கு. இந்த நேரத்துல நான் தேனே எடுக்கிறதில்லையே."

"எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன். பதிலைத் தயாராக வைத்திருக்கிறாளே என்று அதையும் மனதுக்குள் சந்தேகப்பட்டேன்.

அவமானம் தாங்காமல் நான்கு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கலகெதரையில் தம்பி வீட்டுக்கே போய்விட்டீர்கள். அந்த முறை என் பூசணிக்கொடி என்னை ஏமாற்றியது. குட்டிப் பிஞ்சோடு பூ விடியற்காலையில் விரியும், மத்தியானத்துக்குள் சுருங்கும், சில நாளில் பிஞ்சு மஞ்சளாகி விழும். உரத்தைச் சந்தேகப்பட்டேன். கண்ணூறு என்றேன். கடைசியில், போகும்போது நீங்கள்தான் என்னவோ செய்துவிட்டீர்கள் என்று ஃபோனில் சண்டைக்கே நின்றேன்.

"ஒண்ணும் செய்யலடி. தேனீதான் இல்ல. காலையில ஆண் பூவப் பிச்சு, இதழ உரிச்சிட்டு, அந்த மகரந்தத்த பிஞ்சு இருக்கிற பூவுக்குள்ள தடவு. அதுக செஞ்ச வேலைய இனி நீ செய்."

நாலு பூவுக்குத் தடவினேன், நாலும் காய்த்தது. தடவாததெல்லாம் விழுந்தது. இத்தனை வருஷம் என் கொடியைக் காய்க்க வைத்தது யார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வெட்கம், அக்கா. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் உங்கள் செத்த வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

கருமாதி முடிந்து, உங்கள் தம்பி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அக்கா ஒங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க. மழைக்குப் பாணி வைக்க ஒங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லையாம். குசினி ஜன்னல்ல நின்னு நல்லாப் பாத்திருக்கீங்களாம்."

எல்லாம் தெரிந்துகொண்டுதானே அன்றைக்கு என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்! இந்தப் பெட்டி மன்னிப்பா, குத்திக்காட்டலா? இன்னும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இன்று ஜன்னலில் நின்ற அந்தப் பெண்ணை வேலிக்கு அழைத்தேன்.

"என்ன மாமி, தேனீக்குச் சீனியா குடுக்குறீங்க?" என்றாள்.

மூடியை லேசாகத் தூக்கிக் காட்டி, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். தலையாட்டினாள். நம்பினாளோ என்னவோ, நாளைக்குப் பாண்காரரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அன்றைக்கு வேலியோரம் நின்று கேட்டீர்களே, யாருடி சொல்லியிருப்பா என்று.

நான்தான், அக்கா.