கேட்டில் படுத்த வண்டி

எந்த எஞ்சினையும் காது கொடுத்துக் கேட்டு, என் பேச்சை மட்டும் பாதியிலேயே அணைத்துவிட்ட என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பாஸ்கர் மாமா கிளம்பிப் போய்விட்டார். உலக நாடுகள் சேர்ந்து அனுப்புகிற அமைதிப்படை. ஒரு காலத்தில் நீங்கள் போட்டிருந்த அதே நீலத் தொப்பி. நீங்கள் போன நாடு இல்லை, ஆப்பிரிக்காவிலேயே வேறொன்று. பெயரை எங்கேயும் எழுதாதே என்று மாமா சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. அக்காவுக்கு எட்டாம் மாதம். இது எதுவும் தெரியாமல் போன வருடமே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. பயமாக இருக்கிறது, அப்பா.

அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. திறந்த பிக்கப் வண்டிகளில் ஆட்கள் வருகிறார்கள். சீருடை இருக்கிறது, சட்டையில் பெயர் இல்லை. ஊரைச் சூழ்கிறார்கள், ஆண்களைத் தனியாகப் பிரித்து நிறுத்துகிறார்கள், கூரைகளுக்குத் தீ வைக்கிறார்கள். பெண்களுக்கு நடப்பதை அக்கா பக்கத்தில் இருக்கும்போது நான் படிப்பதில்லை. மறுநாள் அந்த நாட்டு அமைச்சர் டிவியில் வந்து, அவர்கள் யாரென்றே அரசாங்கத்துக்குத் தெரியாது என்கிறார்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் நம் கொரட்டூர் வீட்டு ஹாலில் நீங்கள் கத்துவீர்கள். “யாருன்னு தெரியாதா? அந்த வண்டிக்கு டீசல் எவன் ஊத்துறான்? அந்தப் பொட்டல் காட்டுல பெட்ரோல் பங்க்கா கீது?” அம்மா ரிமோட்டைத் தேடி சத்தத்தைக் குறைப்பாள். டிவிக்கு மட்டும்தான் குறையும், உங்களுக்குக் குறையாது.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாள் முழுக்க மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். எதுவும் தானாக ஓடாது என்று தெரியும். இப்போது வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மாடல் வண்டி. டயரில் பட்டன் தேயவே இல்லை. இத்தனை வண்டிக்கும் ஒரே மாதிரிப் புது டயர் கொள்ளையடித்துக் கிடைக்காது. யாரோ அரசாங்க ஸ்டோரைத் திறந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அதுவரைக்கும் நமக்குள் ஒற்றுமைதான். அதற்கு அப்புறம்தான் சண்டை. வெளியிலிருந்து படை போய்த் தடுக்க வேண்டும் என்பீர்கள். போகவே கூடாது என்பேன்.

“வெளிநாட்டுப் படை போய் எந்த நாடுப்பா உருப்பட்டுச்சு? எண்ணெய் கெடைக்கிற ஊரு மேலதான் அவனுங்களுக்கு இரக்கம் வருது.”

“சரிடா இன்ஜினியரு. அதுவரிக்கும் கொல்றவன் கொன்னுகினே இருக்கட்டும். நீ மீட்டிங் போட்டு முடிவு சொல்லு.”

கடலுக்கு அந்தப் பக்கம் நம் ஆட்கள் செத்தபோது உலகம் ஏன் வரவில்லை என்று தெருவில் நின்று கேட்டவர்கள் நாம். அதற்கும் முன்னால் அங்கே அமைதிக்கென்று போன படை செய்ததைக் கேட்டுத் தலைகுனிந்தவர்களும் நாம்தான். நீங்கள் முதலாவதைப் பிடித்துக்கொள்வீர்கள், நான் இரண்டாவதை. யார் ஜெயித்தது? இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்போது அது ஹாலில் நடந்த வாதம். துணிமணி எடுத்துவைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியவர் யாரும் நம் வீட்டில் இல்லை.

புறப்படும் முன் மாமா லீவில் வந்திருந்தார். சொந்தக்காரர்கள் பூந்தமல்லியிலிருந்து பிரியாணி வாங்கிவந்து வாழ்த்தினார்கள். வெளிநாடு, கூடுதல் படி, அதிர்ஷ்டம் என்றார்கள். அக்கா என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“டேய், அவருக்கு முட்டி சரியில்லடா. போறதுக்கு முன்னாடி ஒரு மெடிக்கல் செக்கப் கீதாம். வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், நிறுத்திடுவாங்க. நான் சொன்னா, புள்ளத்தாச்சி அழுவுறான்னு தட்டிவுட்டுடுவாரு. நீ சொல்லு. போவக்கூடாதுன்னு அப்பா கூட மல்லுக்கு நின்னவன்தானே நீ?”

மறுநாள் காலையில் மாமா வாசலில் உங்கள் பழைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். குத்துக்கால் போட்டு உட்கார முடியாமல் ஒரு ஹாலோ பிளாக்கை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

“மாமா, முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல சொல்லிடுங்க.”

“உங்க அக்கா அனுப்புனாளா மச்சான்?”

“நானும்தான் சொல்றேன். அங்க போய் இன்னா செய்யப்போறீங்க? வெள்ளை வண்டிய உள்ள நிறுத்திட்டு ரிப்போர்ட் எழுதுவீங்க. அவனுங்க பக்கத்து ஊர எரிப்பானுங்க. ஆர்டர் வராது. எங்கப்பா போய் வந்ததுல இன்னா கெடச்சுது? ஒரு சிவப்பு மை.”

மாமா நிமிர்ந்து பார்த்தார். “அந்த சிவப்பு மை எதுக்குன்னு தெரியுமா உனக்கு?”

தெரியாதா பின்னே? நம் வீட்டில் அது பழைய சிரிப்பு. ரிப்பேர் பார்த்த ரெக்கவரி வண்டியை ட்ரையல் ஓட்டிப் போகும்போது முகாம் கேட்டிலேயே படுக்கவைத்த மெக்கானிக் என்று உங்கள் சர்வீஸ் ரெக்கார்டில் தண்டனையாகச் சிவப்பு மையில் எழுதியது. பட்டாளத்தை விட்டு ஆவடி ஃபாக்டரியில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அம்மா அதைச் சொல்லி உங்களை வம்புக்கு இழுப்பாள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள்.

“கிளட்ச் போயிடுச்சு,” என்றேன்.

“ஒண்ணும் போவல.”

மாமா ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “கல்யாணமாகி நான் மொத லீவுல வந்தப்போ உங்கப்பா சொன்னாரு. ஊர்ஜனம் மொத்தமும் முகாமப் பாத்து ஓடியாந்துகினு இருக்கு. பின்னாடியே அவனுங்க. மேலருந்து ஆர்டர் வராம வெளியாள உள்ள வுடக் கூடாது. ஆனா ட்ரையல் போற வண்டிக்கு கேட்டத் தொறக்க எவன் ஆர்டரும் வேணாம், அது தெனம் நடக்கற வேல. உங்கப்பா வண்டிய எடுத்துகினு போய் ஹாரன் அடிச்சாரு. கேட்ல காவல் நின்ன சென்ட்ரி அவர் மூஞ்சிய ஒரு தபா பாத்தானாம். ஒண்ணும் கேக்காம தொறந்துட்டானாம். பாதி வண்டி உள்ள, பாதி வெளிய. ஆஃப் பண்ணிட்டு எறங்கிட்டாரு.”

அதற்கு மேல் மாமா விளக்க வேண்டியிருக்கவில்லை. படுத்துப்போன மற்ற வண்டிகளை இழுத்துவரத்தான் ரெக்கவரி வண்டி. அதுவே படுத்துவிட்டால் அதை இழுக்க அந்த முகாமில் எதுவும் கிடையாது. கேட்டை மூடவே முடியாது. எத்தனையோ வண்டி நின்றிருக்கும் ஷெட்டில் அதைப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். கிளட்ச் போனதற்கு என்ன அறிகுறி இருந்தது என்று ஒரு தடவைகூட நான் உங்களைக் கேட்டதில்லையே, எப்படிக் கேட்காமல் விட்டேன்?

“எல்லாரும் உள்ள வந்துட்டாங்களா மாமா?”

“ஓட முடிஞ்சவங்க வந்தாங்க. மத்தவங்களப் பத்தி அவரு பேசல. நானும் கேக்கல.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு வண்டியைக் குறுக்கே நிறுத்தியதால் பெரிய நாடுகளின் புத்தி மாறிவிடுமா என்று வாதாடுவேன் என்றா? அவரிடம் மட்டும் எதற்குச் சொன்னீர்கள்? அவரும் ஒரு நாள் அப்படி ஒரு கேட்டில் நிற்பார் என்றா?

கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். “அன்னிக்கு அவனுங்ககிட்ட துப்பாக்கிதான் மாமா. இன்னிக்கு ட்ரோன் வுடறானுங்க. அசையாம நிக்கிற வண்டிய அடிக்கறது சப்ப மேட்டரு.”

“தெரியும் மச்சான். எனக்கும்தான் பயம். அந்த ஸ்பேனர எடு.”

மெடிக்கலில் முட்டியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அன்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“சொன்னியா?”

“சொன்னேன்க்கா.”

“இன்னா சொன்னாரு?”

“ஸ்பேனர் எடுக்கச் சொன்னாரு.”

அடிக்கத்தான் கை ஓங்கினாள். அப்புறம் என் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

இப்போது மாமாவின் முகாமுக்குப் பக்கத்து ஊர்வரை அவர்கள் வந்துவிட்டதாகச் செய்தி. கோட் போட்டவர்கள் டிவியில் உட்கார்ந்து, இன்னும் பெரிய படையை அனுப்புவதா வேண்டாமா என்று பேசுகிறார்கள். அந்த நாட்டின் இறையாண்மை என்கிறார் ஒருவர். மனிதகுலத்தின் கடமை என்கிறார் இன்னொருவர். என் வாதமும் உங்கள் வாதமும்தான். இரண்டையுமே கேட்கச் சகிக்கவில்லை. அம்மா ரிமோட்டைத் தொடுவதில்லை. மாமாவின் போன் சில நாள் கிடைக்கிறது, சில நாள் மணிகூட அடிப்பதில்லை.

நேற்றுச் செய்தியில் ஒரு முகாமின் கம்பிவேலியைக் காட்டினார்கள். மாமாவுடையதுதானா என்று தெரியவில்லை. வெளியே கூட்டம். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. முன்வரிசையில் அக்காவைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கேட் மூடியே இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்கள் பிள்ளைதான் நினைத்தான். ஆர்டர் ஏன் வருவதில்லை என்று உங்களை எத்தனை முறை மடக்கியிருக்கிறேன்! அதைக் கொடுக்க வேண்டியவருக்கும் நம்மைப் போலவே ஒரு ஹாலில், வயிற்றில் பிள்ளையோடு யாரோ உட்கார்ந்திருப்பார்களோ?

கேட் திறக்கட்டும் என்று மனதார நினைப்பேன் என உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. பொய்யாகிவிடும். என்னால் முடிந்தது ஒன்றுதான். அடுத்த முறை அக்கா பேசி முடித்து போனை என்னிடம் நீட்டும்போது, “எது நடந்தாலும் நீங்க கேட்டத் தாண்டி வெளிய போவாதீங்க மாமா” என்று சொல்ல மாட்டேன். நாக்கு நுனிவரைக்கும் வரும். அவர் என் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். இருந்தாலும் சொல்ல மாட்டேன். அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மகன்,
பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாய்மாமன்