கோர்டெஸுக்கு மூன்று கிழமை

12.02.2006, ஞாயிறு

மாமி வீட்டில் மதியச் சாப்பாடு. கணவாய்க் கறி. கை கழுவி முடிப்பதற்குள் சுரேன் என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். உள்ளே என் மனைவி கம்சனாவும் மாமியும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமிக்குக் கேட்கக்கூடாதாம்.

"ஊவே கோர்டெஸை அவங்கட கிளப் கழட்டி விட்டிட்டுது மச்சான். நாங்கள் எடுப்பம் எண்டு நிக்கிறன்."

நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை.

அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தெறிபவனைத் துரத்தி விழுத்துவதற்கென்றே சிலர் இருப்பார்கள். கோர்டெஸ் அந்த வேலையை முதலாம் லீக்கில் பத்து வருடம் செய்து பெயர் எடுத்தவன். வயது முப்பத்தேழு. இரண்டு வருடத்துக்கு முன்னர் எங்களுக்கு எதிராக ஆட வந்தான். அதுவும் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். அப்போது எங்கள் பந்தெறிபவன் சுரேன். விசில் ஊதியாகிவிட்டது, பந்தும் கையை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு வலப்பக்கத்தால் வந்து சுரேனின் முழங்காலில் விழுந்தான். இடப்பக்கம் நின்ற எனக்கே சத்தம் கேட்டது. சுரேன் அதன் பிறகு ஆடவில்லை. இப்போது கழக நிர்வாகக் குழுவில் இருக்கிறான். படி இறங்கும்போது பக்கவாட்டாக இறங்குகிறான்.

"உனக்கென்ன விசரோ?" என்றேன்.

"என்ர காலை எடுத்தவன்தானே. அந்தக் காலுக்குப் பதிலா ஒரு சீசன் எங்களுக்கு ஓடட்டும்."

அவன் கம்சனாவின் அண்ணன், என் மச்சான். அதற்காக அவன் சொல்வதெல்லாம் எனக்கு விளங்க வேண்டுமா?

13.02, திங்கள்

பெருந்தன்மை என்று சிலர் சொல்வது வெறும் முதுகெலும்பில்லாத்தனம்தான்.

15.02, புதன்

கழகக் கூட்டம். தலைவர் வெஸ்லிங் வீடுகளுக்கு ஹீட்டிங் பூட்டும் கொம்பனி வைத்திருக்கிறார். குழாயைப் பற்றிக் கதைப்பதுபோலவே மனிதரைப் பற்றியும் கதைப்பார். "அனுபவம், அனுபவம்" என்று அரை மணித்தியாலம். கடந்த வருடம் எங்கள் ஆட்கள் எதிரணிப் பந்தெறிபவனை எத்தனை தரம் விழுத்தினார்கள் என்று கேட்டேன். எங்கள் துரத்துநர்கள் நால்வரும் பேருந்தைத் துரத்திக்கூடப் பிடிக்க மாட்டார்கள். அந்த அளவில் வெஸ்லிங் சொல்வது சரி. ஆனால் அதற்கு வைத்தியம் ஒரு கழித்துவிட்ட கிழவனா?

கடைசியில் பயிற்சியாளர் பெர்ண்ட் முடித்து வைத்தார். மூன்று கிழமை, ஞாயிறும் புதனும், கோர்டெஸ் பரீட்சைக்கு வரட்டும். ஒவ்வொரு பயிற்சியிலும் அவனுக்கு எதிரே நான் நிற்பேன். துரத்துபவனைத் தடுப்பது என் வேலை, இந்த அணியில் இரண்டாம் லீக்கில் ஆடியவனும் நான் ஒருவன்தான்.

"கடைசி நாள் உன்னிடம் கேட்பேன், சிவா," என்றார் பெர்ண்ட். "நீ எடு என்றால் எடுப்போம். வேண்டாம் என்றால் விடுவோம்."

எடுத்தால் வெஸ்லிங் தன் களஞ்சியத்தில் வேலையும் கொடுப்பாராம். கோர்டெஸ் இதுவரை வேலை செய்த கார் விற்கும் கடை அந்தப் பெரிய கழகத்துக்கு விளம்பரம் கொடுக்கிற கடை. கழகம் விட்டதும் கடையும் விட்டுவிட்டது.

நல்லது. என் கையில் வந்து விழுந்திருக்கிறான்.

19.02, ஞாயிறு

வந்தான். எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும் கொடுத்தான். நான் கையுறையைக் கழற்றவில்லை.

சின்னப் பொடியன்கள் அவனைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் சுரேன் ஆடின காலத்தில் அவனுக்குத் தண்ணீர் கொண்டு ஓடியவர்கள். இவர்களுக்கு ஞாபகம் என்று ஒரு உறுப்பே வைத்துப் படைக்கவில்லை போலிருக்கிறது. சுரேன் கோட்டுக்கு வெளியே நின்றான். கோர்டெஸ் அவனருகே போய்த் தலையை அசைத்தான். சுரேனும் அசைத்தான். அவ்வளவுதான்.

இன்று ஓட்டம் மட்டும். இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கினான்.

22.02, புதன்

இன்றுதான் நேருக்கு நேர்.

நிலம் உறைந்து கல்லாகக் கிடந்தது. பந்தெறிபவன் நிற்க வேண்டிய இடத்தில் பெர்ண்ட் ஒரு குப்பைத்தொட்டியை வைத்தார். கோர்டெஸ் என்னைத் தாண்டிப் போய் அதைத் தொட வேண்டும். தொடவில்லை. முதல் தரம் அவன் நெஞ்சில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி எறிந்தேன். இரண்டாம் தரம் உள்பக்கமாக நழுவப் பார்த்தான். ஒரு காலத்தில் அந்த நழுவலுக்கு எல்லோரும் பயந்தார்கள். இப்போது அதை ஒரு கடிதம் போட்டு அறிவித்துவிட்டுச் செய்கிறான். அப்படியே அமுக்கி விழுத்தி மேலே படுத்தேன். கொஞ்சம் அதிக நேரம் படுத்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

"என்ன, இண்டைக்கு நல்ல சந்தோசம்?" என்றாள் கம்சனா.

சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி நின்றாள். "அண்ணா பாத்துக்கொண்டு நிண்டவனோ?"

ஓம் என்றேன்.

"அவன் சிரிச்சவனோ?"

சுரேன் சிரிக்கவில்லை.

26.02, ஞாயிறு

நாலு தரம். நாலு தரமும் நிலத்தில்.

எழும்புகிற விதத்தைக் கவனித்தேன். முதலில் ஒரு முழங்கால், பிறகு கை, பிறகு நின்று யோசித்து மற்றக் கால். முறைப்பாடு இல்லை, சாட்டு இல்லை. திரும்பக் கோட்டுக்குப் போய்க் குனிந்து நிற்கிறான். படம் எடுத்த பொடியன்கள் இப்போது அவன் பக்கம் போவதில்லை. இடைவேளையில் தன் காருக்குள் இருந்து பாண் சாப்பிட்டான்.

இவ்வளவுதானா இவன்? இரண்டு வருடமாக நான் மனதில் வைத்திருந்த ஆள் இதைவிடப் பெரியவன்.

01.03, புதன்

பனி. பயிற்சி இல்லை. இணையத்தில் எங்கள் இரசிகர்கள் எழுதியிருப்பதை வாசித்தேன். மொத்தம் பதினைந்து பேர் இருப்பார்கள், ஆளுக்கு மூன்று பெயர். "கோர்டெஸ் வந்தால் லீக் ஏறுவோம்." ஒரு வசனத்தைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவர்கள் ஒரு அணியைக் கட்டி எழுப்புகிறார்கள்.

05.03, ஞாயிறு

இன்று ஒரு வேலை செய்தேன்.

மூன்றாம் தரம் அவன் வெளிப்பக்கமாக வந்தபோது காலை அரை அடி பின்னால் வைத்துத் தோளைத் திறந்து விட்டேன். போனான். தொட்டியைத் தொட்டான். பெர்ண்ட் கை தட்டினார். பொடியன்கள் கூவினார்கள். அடுத்த தரமும் விட்டேன்.

ஏன் செய்தேன்? இரக்கம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டேன். மேசைக்குக் கீழே கிடக்கிற நாய்க்கு ஒரு துண்டு எறிகிற மாதிரி. எறிகிறவனுக்கு அது ஒரு சுகம். பெர்ண்ட் இருபது வருடப் பயிற்சியாளர், அவருக்குக்கூடத் தெரியவில்லை. இவர்கள் எல்லோரையும் ஏமாற்ற அரை அடி போதும்.

எடு என்று சொல்லிவிட்டால் என்ன? களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என் தயவில் திரியட்டும்.

08.03, புதன்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

இன்றும் ஒரு தரம் விட்டேன். பயிற்சி முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கோர்டெஸ் என் கதவடியில் நின்றான்.

"உன் கால் அரை அடி பின்னால் போகிறது," என்றான். "ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை. இன்று ஒரு முறை."

குளிர், வழுக்குகிறது என்று ஏதோ சொன்னேன்.

"எனக்குச் சொல்லாதே. பத்து வருடம் உன்னைப் போன்றவர்களின் கால்களைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன். நீ என்னை விழுத்தும்போது நான் ஏதாவது சொன்னேனா? என்னைப் பிடிக்கவில்லை, சரி. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் இப்படி உள்ளே விடாதே. இப்படி வருகிற வேலை எனக்கு வேண்டாம்."

நான் கார்க் கதவைத் திறக்கப் போனேன். அவன் நகரவில்லை.

"அந்த விசில் எனக்குக் கேட்டது," என்றான். "நீ கேட்காததால் நானே சொல்கிறேன். கேட்டது. நிற்கவில்லை."

பிறகு போய்விட்டான்.

நாய். கேட்டதாம். வாயால சொல்லுறான், கேட்டதாம்! இரண்டு வருசமா நான் எல்லாருக்கும் சொன்னது அதைத்தானே. ஒருத்தரும் நம்பேல்லை. இப்ப என்ன செய்ய நான்? வீடு வரும்வரைக்கும் சுரேனுக்கு எப்படிச் சொல்லுறது எண்டதுதான் யோசினை.

09.03, வியாழன்

வேலை முடிந்து நேரே சுரேனிடம் போனேன். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். சொன்னேன்.

கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும்," என்றான். "ஒப்பரேசன் முடிஞ்ச அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தவன். விசில் கேட்டது எண்டு சொன்னவன். நான் வெளிய போ எண்டன். போயிட்டான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை நீ?"

"சொல்லி? நீ போய் அவனுக்கு அடிச்சிருப்பாய். எனக்கு அதால என்ன? காலுக்குப் பயிற்சி செய்யிறதே பெரிய பாடா இருந்தது. நான் அவனைப் பற்றி யோசிக்கிறதை எப்பவோ விட்டிட்டன் மச்சான். நீதான் யோசிச்சுக்கொண்டு திரியிறாய்."

தேத்தண்ணி குடிக்கச் சொன்னான். குடிக்காமல் வந்துவிட்டேன்.

யாருக்காக நான் இதைச் சுமந்தேன்? அவன் கேட்டானா? கேட்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்திருக்கிறது. ஒருவனைக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் நாம் உயரமாக நிற்கிற மாதிரி இருக்கும்.

12.03, ஞாயிறு

கடைசி நாள். ஐந்து தரம்.

கோட்டில் குனியும்போது கோர்டெஸ் என் காலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். இன்று விடமாட்டேன் என்று தலையசைத்தேன். இந்த மூன்று கிழமையில் இன்றைக்குத்தான் எனக்கும் வேர்த்தது. நான்காம் தரம் அந்தப் பழைய உள்பக்க நழுவலைச் செய்தான். பாதி வழி போய்விட்டான். ஐந்து வருடத்துக்கு முன் என்றால் போயே இருப்பான். இடுப்பைத் திருப்பிப் பிடித்து நிறுத்தினேன். ஐந்தாம் தரமும் தடுத்தேன். தொட்டியை ஒரு தரமும் தொடவில்லை.

பெர்ண்ட் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "என்ன சொல்கிறாய்?"

"வேண்டாம்," என்றேன். "முழு ஆட்டம் தாங்கமாட்டான். போன ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் அவன் போகவில்லை, நான் விட்டேன்."

வெஸ்லிங்கின் முகம் அடைத்துப்போன குழாய் மாதிரி ஆனது. "இது தனிப்பட்ட பகை. உங்கள் மைத்துனரின் விடயத்துக்குப் பழிவாங்குகிறீர்கள்."

சுரேன் நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். "எனக்கும் கோர்டெஸ் வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் சிவா சொல்வது சரி. நானும் பார்த்தேன்."

கோர்டெஸ் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்து கை நீட்டினான். கையுறையைக் கழற்றினேன்.

17.03, வெள்ளி

இணையத்தில் நான் துரோகி. பொறாமை பிடித்தவன் என்று ஒருவன். நாட்டை விட்டே போகவேண்டும் என்று இன்னொருவன். எழுதிப் பழகட்டும்.

02.04, ஞாயிறு

வெஸ்லிங் எனக்குத் தெரியாமல் கோர்டெஸுக்கு ரெலிபோன் எடுத்து, வா, கையெழுத்துப் போடு என்று கூப்பிட்டிருக்கிறார். சுரேன்தான் சொன்னான். கோர்டெஸின் பதில்: "ஐந்து முறை முயன்றேன். நீங்கள் அங்கே நின்று பார்க்கவில்லையா?"

இந்தக் கழகத்தில் புத்தியுள்ள ஒரே ஆள் கழகத்தில் சேரவில்லை.

23.04, ஞாயிறு

முதல் ஆட்டம். 9–41. அவர்களுடைய பந்தெறிபவனின் காற்சட்டையில் ஒரு புல்லின் கறைகூட இல்லை.

18.06, ஞாயிறு

நாடு முழுக்க மற்ற ஃபுட்பால். உலகக் கிண்ணம். கார்களிலெல்லாம் கொடி. எங்கள் விளையாட்டு என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஐந்து ஆட்டம், ஐந்து தோல்வி. தெரியாமல் இருப்பதும் நல்லதுதான்.

மாமிக்கு இந்தக் கூத்தைப் பார்க்க ஆசை. கம்சனாவுக்கு வேலை. நான்தான் மாமியை நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே சனம் நெருக்கியடித்தது. மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு காவலாள் கையை விரித்துச் சனத்தை இரண்டாகப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போன பிறகுதான் கோர்டெஸ் என்று தெரிந்தது.

"சிவா. எத்தனை வென்றீர்கள்?"

"ஐந்தும் போய்விட்டது."

"பத்திரிகையில் பார்த்தேன். உன் பக்கத்தால் ஒருவனும் போகவில்லையாமே."

"இரண்டு பேர் போனார்கள்."

"அரை அடியா?"

"இல்லை. உண்மையாகவே போனார்கள்."

சிரிப்பு. பிறகு மாமியைப் பார்த்துத் தலைகுனிந்து வணக்கம் சொல்லி, கையால் கூட்டத்தைத் தடுத்து, நிழலான பக்கத்தால் எங்களைப் போக விட்டார். வேலை இந்த மாதம் முடியுமட்டும்தானாம். பிறகு பார்ப்போம் என்றார்.

கொஞ்சத் தூரம் போய் மாமி திரும்பிப் பார்த்தா. தன் மகனின் காலை முறித்தவனை இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது திட்டுகிறவ. முகம் மட்டும் தெரியாது.

"ஆர் தம்பி உவன், அந்த நெடுவல்?"

"எங்களோட மூண்டு கிழமை விளையாடினவர், மாமி," என்றேன்.