வலி நிறுத்தப்பட்ட அறை

முதல் நாள், காலை 8.10

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் படிக்கட்டும்.

அழுத்த அறை, கப்பலின் கீழ்த்தளம். காற்றுக் கலவை சரி. வெப்பம் சரி. கடலடிச் சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு வருபவர்களை உடனே வெளியே விட முடியாது. அறையின் அழுத்தத்தை நாள்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் இரத்தத்தில் குமிழிகள் கிளம்பும். முதலில் முட்டி வலிக்கும். அந்த எச்சரிக்கையைத் தவறவிட்டால் அடுத்தது முதுகுத்தண்டு.

உள்ளே இருவர். மருத்துவ அதிகாரியான நான்; பக்கத்து அறையில் கலிஸ்டஸ், தூத்துக்குடிக்காரர், முக்குளிப்பவர். அவருக்குக் காதில் சீழ் என்பதால் இடைக்கதவு அடைத்திருக்கிறது. பேச்சு ஒலிபெருக்கி வழியாகத்தான். இயந்திரத்தில் சிக்கி அவருடைய இடக்கை நசுங்கியிருக்கிறது. தோலுக்கடியில் பதித்த பம்ப் (உள்ளே வரும் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்) வலிமறைப்பு மருந்தை ஏற்றுகிறது. முக்குளிப்பவர்கள் அதைச் சர்பத் என்பார்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே, கட்டுப்பாட்டு அறையில்.

ஹீலியம் கலந்த காற்றில் எல்லோருக்கும் வாத்துக் குரல்தான்.

கலிஸ்டஸ்: "வீட்டுக்குப் பேசுனேன் சார். எவன்டா நீன்னு கேட்டுட்டு வச்சிட்டா."

முதல் நாள், மாலை 4.30

மருந்தே வேண்டாம் என்பவன் அல்ல நான். இது வருவதற்கு முன் மோத்தா என்பவர் வெந்த தோளோடு இதே அறையில் கிடந்தார். கதவைத் திறக்க வழியில்லை. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றோம். "கொன்னுருங்கய்யா" என்று கத்திக்கொண்டே இருந்தார். அதைக் கேட்ட எவனும் இந்த மருந்தைத் திட்ட மாட்டான்.

மருந்து கொடுங்கள், ஆனால் அப்போது அழுத்தத்தை இன்னும் மெதுவாகக் குறையுங்கள்; எச்சரிக்க வலி இருக்காது என்று அறிக்கை எழுதினேன். கல்லூரியில் எனக்கு ஜூனியரான சாரங்கன் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை வெட்டினான். அவன் இயக்குநராகி மேலே கட்டுப்பாட்டு அறையில். நான் இந்த இரும்பு உருளைக்குள்.

இரண்டாம் நாள், காலை 11.00

புயல் எச்சரிக்கை. அதற்குள் எங்களை வெளியே எடுக்க, அழுத்தத்தைக் குறைக்கும் வேகத்தைக் கூட்ட ஒப்புதல் கேட்டு உத்தரவு. மறுத்தேன்.

சாரங்கன்: "கப்பலே தாங்காதுன்னா அறை மட்டும் தாங்குமா? வலிச்சா கலிஸ்டஸ் சொல்லப் போறாரு."

நான்: "எப்படிச் சொல்வாரு? நீதான் மருந்தை ஏத்தி வச்சிருக்கியே."

சாரங்கன்: "என்ன சீனியர், இன்னுமா அந்த ரிப்போர்ட்டைக் கட்டிக்கிட்டு அழுறீங்க?"

பின்னணியில் யாரோ சிரித்தார்கள். அழுத்தமானியின் முள் வேகமாக இறங்கத் தொடங்கியது.

இரண்டாம் நாள், பிற்பகல் 2.15

கொஞ்ச நேரம் மருந்தை நிறுத்தி முட்டியைச் சோதிக்கச் சொன்னேன்.

கலிஸ்டஸ்: "நிறுத்திராதிய சார். நசுங்குனது ஒங்க கையா, எங்கையா?"

நிறுத்தினார்கள். அவர் அலறியது கதவைத் தாண்டியே கேட்டது. முட்டி எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"முட்டி இருக்கா இல்லையான்னே தெரியல சார். கை... ஏத்தச் சொல்லுங்க சார், ஏத்தச் சொல்லுங்க."

ஒரு வலி மற்றதைக் கேட்கவிடவில்லை. நானே ஏற்றச் சொன்னேன்.

சாரங்கன்: "திருப்தியா சீனியர்? உங்களுக்கும் கொஞ்சம் ஏத்தியிருக்கேன். படுங்க."

கேட்காமலே. என் பம்பில்.

மூன்றாம் நாள், காலை 9.40

கலிஸ்டஸ் உற்சாகமாக இருக்கிறார்.

"கை சொகமாயிருக்கு சார். உக்காந்தே கெடந்ததுல காலுதான் மரத்துப்போச்சு. ஒண்ணுக்கும் வரல."

உடனே அழுத்தத்தை ஏற்றுங்கள், குமிழி முதுகுத்தண்டுக்குப் போய்விட்டது என்று கத்தினேன்.

சாரங்கன்: "அளவு கூடினா மரத்துப்போகும். மருந்தோட வேலையே அதுதானே?"

அவன் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். கண்ணை மூடினால் விளக்கு இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அழுத்தமானியின் முள் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வால்வு அவர்களிடம். கதவு அவர்களிடம்.

மூன்றாம் நாள், பகல் 12.20

கலிஸ்டஸ்: "சார், எந்திரிச்சேன். விழுந்துட்டேன். வலியே இல்ல சார். விழுந்தா வலிக்கணும்லா?"

கண்ணாடி வழியே பார்க்கலாமென்று எழுந்தேன். என் கால்களும் வரவில்லை. தரையில் கிடக்கிறேன். தொடையைக் கிள்ளினேன். நகம் பதிந்த இடம் சிவக்கிறது. ஒன்றும் தெரியவில்லை.

மருந்தா. குமிழியா.

சாரங்கனைக் கூப்பிட்டேன். புயல் வேலையில் இருக்கிறாராம்.

கலிஸ்டஸ்: "சார், இருக்கியளா?"

இருக்கிறேன் என்றேன். 

மூன்றாம் நாள், பகல் 1.05

முக்குளிப்பவர்களின் பொதுச் செய்திப் பலகைக்கு இணைப்பு இன்னும் இருக்கிறது. அடுத்து இறங்கப் போகிறவர்கள் படிப்பது அதைத்தான். என் பெயர் போட்டால் சீனியரின் புலம்பல் என்று சாரங்கன் ஒரே வரியில் முடித்துவிடுவான். இங்கே உள்ள மற்றப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். பெயரில்லாமல் இதை இப்போதே அனுப்புகிறேன்.